தானே எடுத்துத் தானே வைக்கும் தொலைபேசிச் சுற்று: கிணற்றடி மோட்டாரைக் காதால் அறிய ஒரு வழி

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) கிணற்றுக்கும் இடையே ஏறத்தாழ 400 மீட்டர் தூரம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற நாட்களில், நள்ளிரவில் கரண்ட் வந்தவுடன் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் என்றாலும், அது உண்மையிலேயே ஓடியதா, ஓடினாலும் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு என் தந்தையார் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய்த்தான் வருவார். இரவு நேரத்தில் பெயர் சொல்லாமல் ‘பூச்சி’ என்று மட்டும் சொல்கிற ஒன்றை அந்த வழியில் இரண்டு முறை அவர் மிதிக்காமல் தப்பிய பிறகுதான், உட்கார்ந்த இடத்திலிருந்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்க ஒரு வழி செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சிம் கார்டு போட்டு இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர்கள் கோவையிலேயே தயாராகிக் கடைகளில் கிடைக்கின்றன; சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அவற்றை வாங்கிக்கொள்வதே சுலபம். எங்கள் கிணறு பள்ளத்தை ஒட்டிய தாழ்வில் இருப்பதால் அங்கே சிக்னல் நிற்பதில்லை. ஆகவே ஒரு நூற்பாலையில் கழித்துவிட்ட சிறிய இன்டர்காம் பெட்டி (ஒரே வளாகத்துப் போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் குட்டி இணைப்பகம்) ஒன்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கி, சாளையில் ஒரு போனும் மோட்டார் அறையில் ஒரு போனும் வைத்து, மோட்டார் அறைப் போன் தானாகவே எடுத்து, சிறிது நேரம் திறந்திருந்து, தானாகவே வைத்துவிடும்படி ஒரு சுற்றைக் கட்டினேன். அந்தச் சுற்றைக் கட்டும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்க வைப்பது ஒரு மாலை நேர வேலை. அதை வைக்கச் செய்வதில்தான் எனக்கு மூன்று வாரம் போனது. மணி அடித்தால் கம்பியில் 75 வோல்ட் வந்து நிற்கிறது, அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் கடினம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் போனை வைத்துவிட்டார் என்பதற்குக் கம்பி உறுதியான அடையாளம் எதையும் தருவதில்லை. ஆகையால் இந்தச் சுற்றைக் கட்டுபவர் வைக்கும் பகுதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அதை நடுவில் நிறுத்தி மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

கம்பியில் என்ன நடக்கிறது

வழக்கமான தரைவழித் தொலைபேசிக் கம்பியில், போன் வைத்த நிலையில் இருக்கும்போது இணைப்பகத்து பேட்டரியின் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். அரிப்பு குறைய வேண்டும் என்பதற்காக அந்த பேட்டரியின் நேர்முனையைத்தான் பூமியோடு இணைத்திருப்பார்கள். சிறிய இன்டர்காம் பெட்டிகள் சிலவற்றில் இது 24 வோல்ட் அளவுக்குக் குறைவாகவும் இருக்கும். போனை எடுத்தவுடன் கம்பி வழியாக 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயத் தொடங்கும். கம்பியின் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் 6 முதல் 12 வரை இறங்கிவிடும். இந்த மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் இணைப்பகம் ‘எடுத்துவிட்டார்கள்’ என்று அறிந்து மணியை நிறுத்துகிறது. அது நின்றால் ‘வைத்துவிட்டார்கள்’ என்று பொருள். எடுப்பதும் வைப்பதும் இணைப்பகத்தின் கண்ணுக்கு இவ்வளவுதான்.

மணி என்பது அந்த நேர்மின்சாரத்தின் மேல் ஏறி வரும் மாறுமின்சாரம். இந்தியாவில் அதன் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ், அளவு சுமார் 75 வோல்ட். 0.4 விநாடி ஒலித்து, 0.2 விநாடி நின்று, மறுபடி 0.4 விநாடி ஒலித்து, 2 விநாடி ஓய்வதுதான் நாம் கேட்டுப் பழகிய ‘டிரிங் டிரிங்’. இந்த வோல்டேஜ் உயிருக்கு ஆபத்தில்லை என்று பலர் அசட்டையாக இருப்பார்கள். தண்ணீர் கட்டிவிட்டு வந்த ஈரக்கையோடு நான் கம்பியின் முனையைச் சீவிக்கொண்டிருந்தபோது சாளையிலிருந்து மணி அடித்து, கத்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். வேலை செய்யும்போது கம்பியை இன்டர்காம் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுத் தொலைபேசி வலையமைப்பில் இணைக்கும் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதியின்படி கட்டாயச் சோதனையும் சான்றிதழும் தேவை. வீட்டில் கட்டிய சுற்றுக்கு அந்தச் சான்றிதழ் இருக்காது. ஆகவே இதை உங்கள் சொந்த இன்டர்காம் பெட்டியின் உள்ளிணைப்பில் மட்டும் பொருத்துங்கள்; தொலைபேசி நிறுவனத்தின் கம்பியில் மாட்ட வேண்டாம். தோட்டத்திலும் ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் இந்த வேலைக்கு உள்ளிணைப்பே தாராளம்.

பழைய போனைப் பாதிச் சுற்றாக்குதல்

எடுத்த நிலையை உண்டாக்க லைன் டிரான்ஸ்ஃபார்மர், மைக் பெருக்கி, மின்னோட்டம் இழுக்கும் டிரான்சிஸ்டர் என்று தனித்தனியாகக் கட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை. பட்டன் வைத்த பழைய மேசைப் போன் ஒன்றில் இவை எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் போனின் ரிசீவரைத் தாங்கியிலிருந்து நிரந்தரமாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, போனுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் வெட்டி நடுவில் ரிலேயின் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் முனைகளை இழுத்துச் சேர்க்கும் ஸ்விட்சின்) திறந்த முனையைச் சேர்த்தால் போதும். ரிலே இழுத்தால் போன் கம்பியோடு சேரும், அதாவது எடுத்த நிலை. விட்டால் வைத்த நிலை. போனைத் திறக்கவும் வேண்டியதில்லை. ரிசீவரின் பேசும் பக்கம்தான் நமது மைக்.

அந்த ரிசீவரை எங்கே தொங்கவிடுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திறந்த கிணற்றில் மோனோபிளாக் பம்பு வைத்திருப்பவர்கள் அதை மோட்டார் அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடலாம். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் பல நூறு அடிக்குக் கீழே தண்ணீருக்குள் இருப்பதால் அறையில் எந்தச் சத்தமும் கேட்காது. அவர்கள் தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் வாய்க்கு ஓரடி தள்ளி, நனையாமல், பேசும் பக்கம் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். முழுக்குழாய் தண்ணீர் விழுவதும், மட்டம் இறங்கிக் காற்று கலந்து ‘புசுக் புசுக்’ என்று கக்குவதும் போனில் தெளிவாக வேறுபட்டுக் கேட்கும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டு மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பதையும் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். என் தந்தையாருக்கு அதற்கு இரண்டு விநாடி போதும்.

மணியைக் கண்டறிதல்

கம்பியின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ரிலேக்கு முன்னால், பின்வரும் வரிசையைச் சேருங்கள். முதலில் 0.47 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும், துருவமில்லாத கெப்பாசிட்டர். அடுத்து 10 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர். அதற்கடுத்து பிசி 817 ஆப்டோகப்ளரின் (உள்ளே ஒரு எல்இடியின் ஒளியால் மட்டும் மறுபக்கத்தை இயக்கும் ஐசியின்) 1ஆம் காலும் 2ஆம் காலும். அந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே 1என்4148 டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள். இல்லாவிட்டால் எதிர் அரைச்சுற்றில் ஆப்டோவின் எல்இடி கருகிவிடும். கெப்பாசிட்டர் 48 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தடுத்து, மணியை மட்டும் விடுகிறது. 25 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 13.5 கிலோ ஓம். ரெசிஸ்டரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 75 வோல்ட் மணிக்கு ஏறத்தாழ 4.5 மில்லி ஆம்பியர் பாயும். ஆப்டோவுக்கு அது நிறைவான அளவு.

ஆப்டோவின் மறுபக்கம் முழுக்க முழுக்க நமது 12 வோல்ட் சுற்று. கம்பிப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஆப்டோவின் ஒளியையும் ரிலேயின் முனையையும் பின்னால் வரப்போகும் ஒலி டிரான்ஸ்ஃபார்மரையும் தவிர வேறு தொடர்பே இருக்கக் கூடாது. டாட் போர்டில் (பாகங்களைப் பற்றவைக்கும் துளைப் பலகையில்) இரண்டு பக்கத்துக்கும் நடுவே மூன்று வரிசைத் துளைகளைக் காலியாக விட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்வது என் வழக்கம். அவசரத்தில் ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைக்க நேர்ந்தால் அந்தக் கோடு கையைத் தடுக்கும்.

பிசி 817இன் 4ஆம் காலை +12 வோல்டில் சேருங்கள். 3ஆம் காலிலிருந்து ஒரு 1என்4148, அதன் பின் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 22 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக, அவற்றின் மறுமுனையில் 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டரின் நேர்முனை. கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம். ஒவ்வொரு மணிக்கும் இந்தக் கெப்பாசிட்டர் ஒரு படி ஏறும், இடைவேளையில் சிறிது இறங்கும். பிரிசெட்டைச் சுழியில் வைத்தால் முதல் மணிக்கு 3 வோல்ட், இரண்டாவதுக்கு 5, மூன்றாவதுக்கு 6க்குச் சற்று மேல் என்று வரும். அந்தக் கெப்பாசிட்டரின் நேர்முனையிலிருந்து 5.6 வோல்ட் ஜீனர் டையோடும் (அந்த அளவைத் தாண்டினால்தான் அது வழிவிடும்) 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வழியாக ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்தால், மூன்றாவது மணியில் அது திறந்துகொண்டு மின்சாரத்தை விடும். ஜீனரின் பட்டை போட்ட முனை கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். பேஸிலிருந்து தரைக்கு (12 வோல்ட் சுற்றின் எதிர்முனைக்கு) 100 கிலோ ஓம் போடுங்கள்.

மூன்றாவது மணியடிப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். மோட்டார் அறையில் அதே கம்பியில் வேறொரு போனும் இருந்து, அங்கே ஆள் இருந்தால் அவர் தானே எடுப்பதற்கு வாய்ப்புத் தருவது ஒரு காரணம். கம்பியில் ஏறும் ஓரிரு இடிமின்னல் துடிப்புகளுக்குச் சுற்று ஏமாறாமல் இருப்பது அதைவிடப் பெரிய காரணம். இன்டர்காம் பெட்டிகளில் மணியின் வோல்டேஜும் இடைவெளியும் மாறுவதால், எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்பதைக் கணக்கை நம்பி விட்டுவிடாமல் பிரிசெட்டைத் திருகி நேரில் சரிசெய்யுங்கள்.

நேரம் காக்கும் 555

பிசி 547இன் கலெக்டரை 555 டைமர் ஐசியின் 2ஆம் காலில் சேர்த்து, அங்கிருந்து +12க்கு 10 கிலோ ஓம் கொடுங்கள்; டிரான்சிஸ்டர் திறந்ததும் 2ஆம் கால் தரைக்கு இறங்கி, 555 நேரத்தை எண்ணத் தொடங்கும். 8ஆம் கால் +12, 1ஆம் கால் தரை, 5ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட். 6ஆம் காலையும் 7ஆம் காலையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் +12க்கு 47 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 1 மெக் ஓம் பிரிசெட்டும் போடுங்கள். போன் திறந்திருக்கும் நேரம், ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி 1.1ஆல் பெருக்கினால் வரும் விநாடி. மொத்த ரெசிஸ்டர் 270 கிலோ ஓம் ஆக இருந்தால் ஏறத்தாழ 30 விநாடி. பிரிசெட்டின் இரு எல்லைகளில் 5 விநாடியிலிருந்து 115 விநாடி வரை கிடைக்கும்.

3ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக இன்னொரு பிசி 547இன் பேஸுக்கும், அதன் கலெக்டரிலிருந்து 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்கும் இணைப்புக் கொடுங்கள். காயிலின் தடை 400 ஓம் என்றால் 30 மில்லி ஆம்பியர்தான், டிரான்சிஸ்டர் சூடாகாது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 ஒன்றைத் தலைகீழாகப் போட மறந்தால், ரிலே விடும்போது எழும் எதிர்வோல்டேஜ் முதலில் டிரான்சிஸ்டரையும் பிறகு உங்கள் பொறுமையையும் தின்றுவிடும்.

ரிலே இரண்டு ஜோடி முனை கொண்டதாக இருக்கட்டும். ஒரு ஜோடி போன் கம்பிக்கு. இரண்டாவது ஜோடியை, மணி எண்ணும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேருங்கள். ரிலே இழுத்தவுடன் அந்தக் கெப்பாசிட்டர் காலியாகிவிடும். முதலில் கட்டியபோது நான் இதைச் செய்யவில்லை. 5 விநாடி வைத்துச் சோதித்தபோது போன் சில முறை 10 விநாடிக்கு மேலும் வைக்காமல் நின்றது. காரணம் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மீட்டரோடு உட்கார்ந்த பிறகுதான், கெப்பாசிட்டரில் மிச்சம் நின்ற மின்சாரம் 2ஆம் காலைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது, 2ஆம் கால் கீழே இருக்கும் வரை 555 தன் நேரம் முடிந்தாலும் விடாது என்பது புரிந்தது.

இனி 4ஆம் கால். இதை நேராக +12இல் சேர்த்துவிடும்படிதான் பெரும்பாலான வரைபடங்கள் சொல்லும். நீங்கள் 10 கிலோ ஓம் வழியாகச் சேர்த்து, அங்கிருந்து தரைக்கு 47 மைக்ரோஃபாரட் போடுங்கள். மின்சாரம் முதலில் வரும்போது சுற்று தானாகப் போனை எடுத்துவிடாமல் இது தடுக்கும். அதைவிட முக்கியம், இந்தக் காலை எந்த நேரத்தில் தரைக்கு இழுத்தாலும் ரிலே உடனே விட்டுவிடும். வைப்பதற்கான கதவு இதுதான்; நேரம் முடிவதைத் தவிர மற்ற எல்லா வைக்கும் வழிகளும் இதன் வழியாகவே வர வேண்டும்.

வைப்பதற்கு இரண்டாவது வழி

30 விநாடிக் கெடு ஒன்றே போதாதா என்றால், எளிய பயன்பாட்டுக்குப் போதும். ஆனால் தந்தையார் இரண்டு விநாடி கேட்டுவிட்டு வைத்துவிட்டு, சந்தேகம் வந்து உடனே மறுபடி அடித்தால், அந்தப் பக்கம் இன்னும் திறந்திருப்பதால் எங்கேஜ் ஒலிதான் வரும். “ஏனுங் தம்பி, பெட்டி எங்கேஜுனு சொல்லுது, அங்க யாருகூடப் பேசிட்டிருக்குது?” என்று அவர் கேட்ட நாளில்தான் இரண்டாவது வழியைத் தேடினேன்.

முதலில் எனக்குத் தோன்றியது எங்கேஜ் ஒலியைக் கண்டுபிடிப்பது. அழைத்தவர் வைத்துவிட்டால் இன்டர்காம் பெட்டி இந்தப் பக்கத்துக்கு அந்த ஒலியை அனுப்பும். நம் நாட்டில் அது 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலித்து 0.75 விநாடி நிற்பது. எல்எம் 567 ஐசியில் 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சுமார் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் அது 400 ஹெர்ட்ஸை அடையாளம் காணும். மேசையில் வைத்துச் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. மோட்டார் அறையில் கொண்டுபோய் வைத்தேன். மோட்டார் ஓடாதபோது சரியாக இருந்த சுற்று, மோட்டார் ஓடும்போது எடுத்த உடனே வைத்துவிட்டது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் ஓங்காரத்தில் 100, 200, 400 என்று அதன் மடங்குகள் எல்லாம் கலந்திருக்கின்றன. ரிசீவர் வழியாக மோட்டாரின் சத்தம் கம்பியில் ஏறி, 567க்கு எங்கேஜ் ஒலியாகத் தெரிந்திருக்கிறது. எதைக் கேட்பதற்காகப் போனைத் திறந்தேனோ அதுவே போனை மூடியது. ஒலி மட்டுமல்லாமல் அதன் இடைவெளியையும் சரிபார்த்தால் இந்தக் குழப்பம் நீங்கும். ஆனால் அதற்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் நிரலும் வேண்டும். அர்டுயினோ பழகியவர்கள் அந்த வழியில் போகலாம். நான் போகவில்லை.

நான் எடுத்துக்கொண்டது, அழைப்பவரே சதுரக் குறிப் (#) பட்டனை அழுத்தி மறுபக்கத்தை வைக்கச் செய்வது. பட்டனை அழுத்தும்போது போன் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை அனுப்புகிறது. சதுரக் குறிக்கு 941, 1477 ஹெர்ட்ஸ். இரண்டு சுருதியும் ஒரே நேரத்தில், சரியான அளவில் வர வேண்டும் என்பதால் மோட்டார் சத்தத்துக்கு இது எளிதில் ஏமாறுவதில்லை. எம்டி 8870 ஐசி இதைப் படித்து நான்கு கால்களில் இரும எண்ணாகத் தரும்.

எம்டி 8870க்கு 5 வோல்ட் வேண்டும். 7805 ஒன்றை 12 வோல்டிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். 18ஆம் காலும் 10ஆம் காலும் +5. 5, 6, 9ஆம் கால்கள் தரை. 1ஆம் காலும் 4ஆம் காலும் ஒன்றாக. 7க்கும் 8க்கும் இடையே 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 16க்கும் 17க்கும் இடையே 330 கிலோ ஓம். 17க்கும் +5க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட். 2க்கும் 3க்கும் இடையே 100 கிலோ ஓம். ஒலி, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வழியாக 2ஆம் காலுக்கு வர வேண்டும். அந்த ஒலியைக் கம்பியிலிருந்து எடுப்பதற்குச் செத்துப்போன டயல்அப் மோடம் ஒன்றிலிருந்து 600க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக்கொள்ளுங்கள். கோவை காந்திபுரத்துப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் கேட்டும் பார்க்கலாம். அதன் ஒரு பக்கத்தை 0.47 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் கெப்பாசிட்டர் வழியாக ரிலேக்குப் பின்னால், போனுக்குக் குறுக்கே சேருங்கள். ரிலேக்கு முன்னால் சேர்த்தால் மணியின் வோல்டேஜ் நேராக 8870இன் வாசலுக்கு வந்துவிடும். மறுபக்கத்தில் ஒரு முனையைத் தரையில் சேர்த்து, இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் இரண்டை முதுகுக்கு முதுகாகப் போட்டுவிட்டால் துடிப்புகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது ஒரு சிறு தந்திரம். 8870இல் சதுரக் குறிக்கு எண் 12. அதாவது 13, 14ஆம் கால்கள் மேலே (5 வோல்ட்), 11, 12ஆம் கால்கள் கீழே (சுழி). நான்கு கால்களையும் பார்க்க வேண்டிய தேவையில்லை. 1 முதல் 9 வரை உள்ள எண்களுக்கும், சுழிக்கும் (அதற்கு 10), நட்சத்திரக் குறிக்கும் (அதற்கு 11) 13ஆம் காலும் 14ஆம் காலும் சேர்ந்து மேலே போவதே இல்லை. சாதாரணப் போனில் இல்லாத ஏ, பி, சி பட்டன்களுக்கு மட்டுமே அப்படி நேரும். ஆகவே 13, 14 ஆகிய இரண்டோடு, சுருதி சரியாகப் படிக்கப்பட்டது என்று சொல்லும் 15ஆம் காலையும் சேர்த்து, சிடி 4073 ஐசியின் ஒரு மூன்று வாசல் ஆண்ட் கேட்டுக்கு (மூன்று வாசலும் மேலே இருந்தால் மட்டும் மேலே போவது) கொடுத்தால் போதும். பயன்படாத மற்ற இரண்டு கேட்டுகளின் வாசல்களைத் தரையில் சேர்த்துவிடுங்கள். கேட்டின் வெளியீட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக மூன்றாவது பிசி 547இன் பேஸுக்கும், அதன் கலெக்டரிலிருந்து 100 ஓம் வழியாக 555இன் 4ஆம் காலுக்கும் கம்பி இழுத்தால், பட்டனை அழுத்திய அரை விநாடிக்குள் ரிலே ‘டக்’ என்று விடுவதைக் கேட்கலாம்.

நேரக்கெடுவை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். பட்டனை அழுத்த மறந்தாலும், சாளையில் கரண்ட் போய் இன்டர்காம் பெட்டியே செத்தாலும், மோட்டார் அறைப் போன் கெடு முடிந்தவுடன் தன்னைத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறையில் பொருத்துதல்

சுற்றுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை வைத்துச் சார்ஜரோடு விட்டுவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது மோட்டார் ஓடவில்லை என்பதையும் போன் எடுத்துத்தானே சொல்ல வேண்டும். 555க்கு பதிலாக 7555 போட்டால் காத்திருக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைந்துவிடும். சார்ஜர் ஓடும்போது பேட்டரி 13.5 வோல்டுக்கு மேல் ஏறுவதால் ஒரு மணியடிப்பு முன்னதாகவே எடுக்கக் கூடும், நேரக்கெடு மாறாது.

சுற்று வைத்த பெட்டியை ஸ்டார்ட்டர் இருக்கும் பலகையில் பொருத்த வேண்டாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாறும்போது எழும் மின்துடிப்பில் என் சுற்று மணியே அடிக்காமல் போனை எடுத்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவருக்கு மாற்றி, 2ஆம் காலுக்குப் போகும் கம்பியை ஓர் அங்குலத்துக்குள் அடக்கி, 555இன் 8க்கும் 1க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. கிணற்றுக்கு வரும் தொலைபேசிக் கம்பியை மோட்டார் கேபிளோடு ஒரே பள்ளத்தில் புதைத்தால் ஓங்காரம்தான் கேட்கும். ஒரு மீட்டராவது தள்ளிப் புதையுங்கள். அரை மில்லிமீட்டர் செம்புக்கம்பி 400 மீட்டருக்குப் போக வர 70 ஓம் அளவுக்கே தடை தரும் என்பதால் தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் முன்னேற்பாடாக, கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் 10 ஓம் ஒரு வாட் பியூசிபிள் ரெசிஸ்டர் ஒன்றையும், கம்பிகளுக்குக் குறுக்கே, எல்லை மீறும் வோல்டேஜைத் தன் வழியே விட்டுவிடும் 10டி241 வாரிஸ்டர் ஒன்றையும் போடுங்கள். மணியின் உச்ச வோல்டேஜும் 48 வோல்டும் சேர்ந்து 150ஐத் தாண்டும். ஆகவே அதைவிடச் சிறிய வாரிஸ்டரை வாங்கிவிடாதீர்கள். பெட்டியின் துளைகளை மெழுகால் அடைக்காவிட்டால் பல்லி குடியேறும்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். யாரும் எடுக்காமலேயே திறந்துகொள்ளும் மைக் என்பது ஒட்டுக்கேட்கும் கருவியும்தான். ரிலே இழுத்திருக்கும்போது எரியும்படி ஒரு சிவப்பு எல்இடியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பெட்டியின் முகப்பில் வைத்து, ‘விளக்கு எரிந்தால் பேசுவது கேட்கும்’ என்று எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் கட்ட வருகிற ஆட்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

சோதித்தல்

கம்பியில் மாட்டுவதற்கு முன், 9 வோல்ட் பேட்டரியை 1 கிலோ ஓம் வழியாக ஆப்டோவின் 1, 2ஆம் கால்களில் தொட்டுத் தொட்டு எடுங்கள். சேர்த்து ஒரு விநாடி அளவுக்குத் தொட்டால் ரிலே இழுக்க வேண்டும், கெடு முடிந்ததும் விட வேண்டும். அதன் பிறகு கம்பியில் மாட்டி மீட்டரைக் குறுக்கே வையுங்கள். வைத்த நிலையில் 48 அல்லது உங்கள் பெட்டி தரும் வோல்டேஜ், எடுத்ததும் 12க்குக் கீழே, வைத்ததும் மறுபடி பழைய அளவு என்று காட்டினால் சுற்று சரி. எடுத்த பிறகும் மணி நிற்காமல் அடித்தால் ரிசீவர் தாங்கியின் பட்டன் எங்கோ அழுந்தியிருக்கிறது. ஒரு ரப்பர் துண்டைச் செருகி அதை மேலேயே நிறுத்துங்கள். சதுரக் குறிக்கு வைக்கவில்லை என்றால் அழைக்கும் போன் ‘பல்ஸ்’ முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அடியிலுள்ள சிறு ஸ்விட்சை ‘டோன்’ பக்கம் தள்ளினால் சரியாகிவிடும்.

கெடுவை எவ்வளவு வைப்பது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். நான் 60 விநாடி வைத்திருந்தேன். தந்தையார் ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, “அத்தன நேரம் எதுக்குங் தம்பி, தண்ணி உழுகிற சத்தம் கேட்டாப் போதுமல்ல” என்றார். 20 விநாடிக்குக் குறைத்துவிட்டேன்.